செல்ஃப் எடுக்கல, ஸ்கேன்ல பி0616 வருது, செல்ஃப் மோட்டார் மாத்தியே ஆகணுமா?

மலையடி_வண்டி எழுதியது:

வணக்கம் மக்களே. மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கேன். பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், பிஎஸ்6 வண்டி. கம்பெனி பேர் வேணாம், போட்டா என் கேள்விய விட்டுட்டு எந்த கம்பெனி நல்ல கம்பெனின்னு அடிச்சுக்குவீங்க.

பிரச்சனை இதுதான். காலைல சாவி திருப்பினா சில நாள் ஒண்ணுமே நடக்கல, செல்ஃப் சுத்தல, டிக்குன்னு ஒரு சத்தம் கூட இல்ல, ஆனா மீட்டர்ல லைட் எல்லாம் பளிச்சுன்னு எரியுது, ஹாரன் நல்லா அடிக்குது. திரும்பத் திரும்ப சாவி போட்டா திடீர்னு எடுத்துக்கும், எடுத்துட்டா அன்னிக்கு பூரா ஒழுங்கா இருக்கும். மழை பெஞ்ச மறுநாள்னா கண்டிப்பா மக்கர் பண்ணும்.

ஒர்க்‌ஷாப்புக்கு கொண்டு போனேன், ஸ்கேனர் மாட்டினாங்க, மூணு ஃபால்ட் கோடு வந்துச்சு: இஞ்சின் ஈசியுல (இஞ்சின் கம்ப்யூட்டர்) பி0616, பி0562, அப்புறம் ஏபிஎஸ் பிரேக் யூனிட்ல யு0100. பாத்துட்டு "ஸ்டார்ட்டர் கோடு வந்துருச்சு சார், செல்ஃப் மோட்டார் போயிருச்சு, அசெம்பிளியா மாத்தணும், கூடவே பேட்டரியும் போட்டுருங்க"ன்னு ஒரு எஸ்டிமேட் குடுத்தாங்க, அதைப் பாத்ததும் வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். எனக்கு ஒரே சந்தேகம், மோட்டார் போயிருந்தா எடுக்கறப்ப மட்டும் எப்படி அவ்ளோ வேகமா சுத்துது? இந்தக் கோடுக்கு உண்மையிலேயே என்ன அர்த்தம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய_அம்பாசிடர் எழுதியது:

சிம்பிள் ப்ரோ. அடுத்த தடவை எடுக்கலன்னா வண்டிக்கு அடியில போய் செல்ஃப் மோட்டார ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டச் சொல்லுங்க. உடனே எடுத்துச்சுன்னா கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு. கோடு கீடு எல்லாம் வேணாம், நாங்கல்லாம் ஸ்கேனர் வச்சா வண்டி ஓட்டினோம்.

---

ஒயரிங்_ஒர்க்ஸ் எழுதியது:

தம்பி, எஸ்டிமேட்ட ஓரமா வைங்க. அம்பாசிடர் அண்ணன் சொல்ற தட்டுற வைத்தியம் பிரஷ் தேஞ்ச மோட்டாருக்கும் சோலினாய்டு (மோட்டார் மேல இருக்கற காந்த சுவிட்ச்) காண்டாக்ட் கருகினதுக்கும் சரிதான், நானும் தட்டியிருக்கேன். ஆனா அந்த மாதிரி கேஸ்ல ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட ஆன் பண்ற சுவிட்ச்) டிக்குன்னு அடிக்கும், பெரும்பாலும் சோலினாய்டும் டொக்குன்னு இழுக்கும், மோட்டார் மட்டும் சுத்தாது. உங்களுக்கு சத்தமே இல்லைங்கறீங்க. அதைவிட முக்கியம், அந்த ஃபால்ட்டுக்கு பி0616 வராது.

ஏன்னு சொல்றேன். செல்ஃப் சர்க்யூட்ட ரெண்டா பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு தடி ஒயர் பக்கம், பேட்டரி ப்ளஸ்ல இருந்து மோட்டாரோட 30ஆம் நம்பர் போல்ட்டுக்கு வர்ற கேபிள், இஞ்சின்ல இருந்து பேட்டரி மைனஸுக்கு போற எர்த் கேபிள். சின்ன பெட்ரோல் இஞ்சின்லயே சுத்தும்போது நூறு ஆம்பியர் அளவுல இதுல ஓடும். இன்னொண்ணு மெல்லிசு ஒயர் பக்கம், சாவி, கிளட்ச் சுவிட்ச் (கிளட்ச் மிதிச்சாதான் செல்ஃப் விடறது), ரிலேவோட காயில் (உள்ள இருக்கற கம்பிச் சுருள்), அதுல இருந்து ஈசியு. இதுல ஓடுறது அரை ஆம்பியர் கூட இருக்காது. ஈசியு கண்ணு வச்சிருக்கறது இந்த மெல்லிசு பக்கம் மட்டும்தான். மோட்டார் உள்ள பிரஷ் தேஞ்சிருக்கா, ஆர்மேச்சர் (உள்ள சுத்தற பாகம்) எரிஞ்சிருக்கா, பெண்டிக்ஸ் (இஞ்சின சுத்த விடற சின்ன கியர்) மாட்டிக்கிச்சா, இதெல்லாம் அதுக்கு நேரடியா தெரியவே தெரியாது, அதனாலதான் மோட்டார் செத்துக் கிடக்கற பாதி வண்டில ஸ்கேனர் மாட்டினா ஒரு கோடும் இருக்காது.

இப்ப நம்பருக்கு வரலாம். பி0615 ஸ்டார்ட்டர் ரிலே சர்க்யூட்ல பொதுவா கோளாறு, பி0616 அதே சர்க்யூட்ல வோல்டேஜ் எதிர்பாத்ததை விட கம்மி, பி0617 அதிகம். நிறைய வண்டில ஈசியு என்ன பண்ணும்னா ரிலே காயிலோட ஒரு முனைய எர்த் பண்ணி ரிலேவ இழுக்கும். இழுக்காம சும்மா இருக்கும்போது காயில் வழியா அந்தப் பின்னுக்கு பேட்டரி வோல்டேஜ் வந்து நிக்கணும். வரலன்னா வழில ஒயர் எங்கயோ அறுந்திருக்கு, இல்ல பாடில உரசி எர்த் ஆகுது, இல்ல காயிலுக்கு சப்ளையே வரல. அப்ப ஈசியு பி0616ன்னு எழுதி வச்சுக்கும். கோடு சொல்றது இவ்ளோதான், இந்தத் தெருவுல பிரச்சனைன்னு சொல்லும், எந்த வீடுன்னு நாமதான் போய் கதவ தட்டணும்.

ஆனா ஒண்ணு, எல்லா கம்பெனிக்கும் ஒரே லாஜிக் கிடையாது. டொயோட்டா நிறைய மாடல்ல பி0617 எப்ப போடும்னா, வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓடிட்டு இருக்கு, இஞ்சின் 1000 ஆர்பிஎம்முக்கு மேல, அப்பவும் ஸ்டார்ட் சிக்னல் ஆன்லயே இருக்குன்னா போடும். அங்க ரிலே ஒட்டிக்கிச்சா, சாவி சுவிட்ச் திரும்பி வரலையான்னு தேடணும். அதனால இன்டர்நெட்ல நம்பருக்கு அர்த்தம் பாத்துட்டு நிறுத்தாதீங்க, உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல அந்தக் கோடு எந்த நிலைமைல பதிவாகுதுன்னு ஒரு பாரா இருக்கும், விஷயம் பூரா அதுலதான் இருக்கு.

ரெண்டு கேள்விக்கு பதில் சொல்லுங்க. எடுக்காதப்ப ஹெட்லைட் போட்டுட்டு சாவி திருப்பினா லைட் மங்குதா? ரிலே மேல விரல் வச்சுப் பாத்தா துடிக்குதா?

---

ஆசிட்_வாட்டர் எழுதியது:

பேட்டரி கடைக்காரன் என்ற முறைல மத்த ரெண்டு கோடு பத்தி நான் சொல்றேன். பி0562ன்னா சிஸ்டம் வோல்டேஜ் கம்மி. யு0100ன்னா இஞ்சின் ஈசியு கூட பேச முடியலைன்னு வேற ஒரு யூனிட் போட்ட புகார், உங்க வண்டில அது ஏபிஎஸ். பேட்டரி ஒரு தடவை படுத்து எந்திரிச்சாலே இந்த ரெண்டும் வரும், சில வண்டில கூட ஸ்டீரிங், ஏர்பேக்னு ஊர்ல இருக்கற கோடு எல்லாம் வரிசையா வரும், அதைப் பாத்து ஏபிஎஸ் யூனிட் மாத்தச் சொன்ன கதையெல்லாம் எங்க கடை வாசல்லயே கேட்டிருக்கேன். முன்னாடி எப்பயாவது பேட்டரி டவுன் ஆகி ஜம்ப் ஸ்டார்ட் பண்ணீங்களா?

கோடு அழிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க, ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோடு விழுந்த நேரத்து ரீடிங்) இருந்தா அதையும், அழிச்சா அதுவும் போயிடும். அப்புறம் பேட்டரிய ஃபுல் சார்ஜ் போட்டு, எல்லா கோடையும் அழிச்சுட்டு, எது திரும்பி வருதுன்னு பாருங்க. திரும்பி வர்ற கோடுதான் நிஜமான கோடு.

மீட்டர் இருந்தா: ராத்திரி பூரா நின்ன வண்டில பேட்டரி 12.6 வோல்ட் இருந்தா ஃபுல், 12.2ன்னா பாதி, 12க்கு கீழன்னா அது சார்ஜுக்கு போகணும். செல்ஃப் சுத்தும்போது 9.6க்கு கீழ விழக்கூடாது. ஸ்டார்ட் ஆனதும் 13.8ல இருந்து 14.5 வரைக்கும் இருக்கணும், சில புது வண்டில ஆல்டர்னேட்டர் ஸ்மார்ட்டா கூட்டிக் குறைக்கும், அதுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். கிளாம்ப் மேல மீட்டர் வைக்காம பேட்டரி போஸ்ட் மேலயே வைங்க, வெள்ளை பூத்த கிளாம்ப்ல அளந்தா கிளாம்ப்போட கஷ்டத்தையும் சேத்து பேட்டரி தலைல கட்டுவோம்.

---

மலையடி_வண்டி எழுதியது:

ரொம்ப நன்றி. ஆமா ஆசிட்_வாட்டர் அண்ணா, தீபாவளி லீவுல பார்க்கிங் லைட் எரியவிட்டு பேட்டரி சுத்தமா இறங்கி பக்கத்து வீட்டு வண்டில இருந்து ஜம்ப் போட்டோம்.

நீங்க சொன்ன மாதிரியே சார்ஜ் போட்டு, ஃப்ரெண்டோட ஸ்கேனர்ல அழிச்சுட்டு ஓட்டினேன். மக்கர் பண்ண அடுத்த காலைல பாத்தா பி0616 மட்டும் வந்திருக்கு, பி0562வும் யு0100வும் வரவே இல்ல. பேட்டரி 12.5 இருக்கு. எடுக்காதப்ப சாவி திருப்பினா மீட்டர் அப்படியே 12.5லயே நிக்குது, ஹெட்லைட் கொஞ்சம் கூட மங்கல, ரிலே துடிக்கல. எடுக்கறப்ப 10.7 வரைக்கும் இறங்கி உடனே ஏறிடுது. ஹாரன் ரிலேயும் அதே நம்பர்தான், அதைக் கழட்டி இங்க போட்டுப் பாத்தேன், மாற்றமே இல்ல. ஃப்யூஸ் எல்லாம் நல்லா இருக்கு.

---

பாலைவன_டிரைவர் எழுதியது:

நான் ஷார்ஜால இருக்கேன், இங்க ஓடறது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக், இதே சிம்ப்டம் வந்தா நாங்க மொதல்ல பண்றது கியர் லீவர பார்க்ல இருந்து நியூட்ரலுக்கு மாத்தி சாவி போடறதுதான். நியூட்ரல்ல எடுத்துச்சுன்னா ரேஞ்ச் சுவிட்ச் (லீவர் எந்த கியர்ல இருக்குன்னு சொல்றது) மேல சந்தேகம், பி0705 இல்லன்னா பி0850 கூட வந்திருக்கும். உங்களுக்கு மேனுவல்ங்கறதால கிளட்ச் சுவிட்ச் பாருங்க, அதுக்கு பி0830 வரிசைல கோடு இருக்கு. ஸ்கேனர்ல லைவ் டேட்டா போயி கிளட்ச் பெடல மிதிச்சா ஆன், விட்டா ஆஃப்னு மாறுதான்னு பாத்தா போதும், ஒண்ணையும் கழட்ட வேணாம்.

இன்னொரு விஷயம், மொபைல் ஆப்ல ஈஎல்எம்327 ப்ளூடூத் டாங்கிள் போட்டு பாக்கறவங்களுக்கு சொல்றேன், அந்த மாதிரி ஆப் பலதும் இஞ்சின் ஈசியு கோடு மட்டும்தான் காட்டும், பாடி கன்ட்ரோல், இம்மொபிலைசர் (சரியான சாவியான்னு பாக்கற திருட்டுத் தடுப்பு) பக்கமே போகாது. கோடு இல்லைன்னு ஆப் சொன்னா இஞ்சின் ஈசியுல இல்லைன்னு மட்டும் எடுத்துக்கோங்க. ஸ்கேனர் கனெக்டே ஆகலன்னா ஓபிடி சாக்கெட்டோட (ஸ்கேனர் மாட்டற இடம்) 16ஆம் பின்ல 12 வோல்ட் வருதா, 4, 5 ரெண்டும் எர்த்தான்னு பாருங்க, நிறைய வண்டில அந்த 16ஆம் பின்னும் சிகரெட் லைட்டரும் ஒரே ஃப்யூஸ், மொபைல் சார்ஜர் சொருகி அந்த ஃப்யூஸ் போயிருக்கும், ஆளுங்க ஈசியு செத்துருச்சுன்னு அழுதுட்டு இருப்பாங்க.

---

ஒயரிங்_ஒர்க்ஸ் எழுதியது:

தம்பி, சூப்பரா அளந்திருக்கீங்க, பாதி வேலை முடிஞ்சுது. வோல்டேஜ் இறங்கல, லைட் மங்கலன்னா தடி ஒயர்ல கரண்டே ஓடல, அதாவது மோட்டாருக்கு யாரும் சுத்துன்னு சொல்லவே இல்ல. எடுக்கறப்ப 10.7ன்னா பேட்டரியும் மோட்டாரும் நல்ல ஆரோக்கியம். ரிலே மாத்தியும் அதேதான்னா ரிலே தப்பிச்சுது. மிச்சம் இருக்கறது காயிலுக்கு வர்ற சப்ளை, இல்ல காயில்ல இருந்து ஈசியு வரைக்கும் போற ஒயர், ரொம்ப அபூர்வமா ஈசியு.

வண்டிய நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துக்கோங்க, இது முக்கியம். ரிலேவ கழட்டுங்க, அதுக்கு அடியில சாக்கெட்ல 30, 87, 85, 86ன்னு இருக்கும், ரிலே மேலயே படம் போட்டிருப்பான். 30ல எப்பவும் பேட்டரி வோல்டேஜ் இருக்கணும். மீட்டர் கருப்ப பேட்டரி மைனஸ்ல வச்சு, சிவப்ப 86ல வச்சு, கிளட்ச் மிதிச்சு ஒருத்தர சாவி திருப்பச் சொல்லுங்க, 12 வரணும். வந்துச்சுன்னா சப்ளை, கிளட்ச் சுவிட்ச் எல்லாம் பாஸ். அடுத்து சிவப்ப பேட்டரி ப்ளஸ்ல மாத்தி கருப்ப 85ல வச்சு மறுபடி திருப்பச் சொல்லுங்க, ஈசியு எர்த் குடுத்தா இங்கயும் 12 காட்டும். காட்டலன்னா எர்த் வந்து சேரல. சில வண்டில 85ம் 86ம் இடம் மாறி இருக்கும், சிலதுல ஈசியு ப்ளஸ் குடுக்கும், எர்த் பாடில இருந்து வரும், அதனால ஒயரிங் படம் கைல இருந்தா நல்லது.

முக்கியமா, இந்தப் பின்ல பழைய பல்பு டெஸ்ட் லேம்ப் போடாதீங்க. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட ரெண்டு ஆம்பியர் இழுக்கும், ஈசியு உள்ள இருக்கற டிரைவர் ரிலே காயிலுக்கு மட்டும் கணக்கு போட்டு வச்சது, நீங்க செல்ஃப் தேடப் போயி ஈசியு வாங்கற மாதிரி ஆயிடும். மீட்டர், இல்ல எல்இடி டெஸ்டர் மட்டும். இன்னொண்ணு, ரிலே கழட்டின நிலைமைல சாவி போட்டீங்கன்னா காயில் இல்லாததால அதுவே ஒரு பி0616 எழுதும், பயந்துடாதீங்க, கடைசில அழிச்சுக்கலாம்.

மழைக்கு மறுநாள் கண்டிப்பா மக்கர்னு சொன்னீங்களே, என் கண்ணு அங்கதான் போகுது. ஃப்யூஸ் பாக்ஸ மேல இருந்து பாத்தா பளபளன்னு இருக்கும், அடியில கனெக்டர கழட்டிப் பாருங்க. வைப்பருக்கு கீழ இருக்கற தண்ணி போற ஓட்டைல இலை அடைச்சு, ஒயரிங் கட்டு மேல தண்ணி சொட்டி, அது கட்டு வழியா நடந்து கனெக்டர்ல போயி நிக்கும். எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க, மலையடிவாரம்ங்கறீங்க, அதுங்களுக்கு உங்க இஞ்சின் சூடு தங்கற இடம்.

---

சாவி_போச்சு எழுதியது:

இம்மொபிலைசரா இருக்கலாம்ல? எனக்கு சாவி சிம்பல் மினுக்கும், வண்டி எடுக்காது.

---

ஒயரிங்_ஒர்க்ஸ் எழுதியது:

இருக்கலாம், ஆனா அதுக்கு அடையாளம் வேற. சாவி லைட் மினுக்கும், பி0513 மாதிரி சாவி சரியில்லன்னு ஒரு கோடோ யு0167 மாதிரி இம்மொபிலைசர் பேசலன்னு ஒரு கோடோ வரும். சில வண்டில இம்மொபிலைசர் செல்ஃபையே விடாது, பல வண்டில செல்ஃப் சுத்தும், ஒரு செகண்ட் ஸ்டார்ட் ஆகி அணைஞ்சுடும். தம்பி வண்டில சாவி லைட் பத்தி பேச்சே இல்ல, கோடும் ரிலே சர்க்யூட்டத்தான் காட்டுது. நீங்க ஸ்பேர் சாவி போட்டு எடுத்துப் பாருங்க, அதுல எடுத்துச்சுன்னா உங்க சாவியத்தான் பாக்கணும்.

---

மலையடி_வண்டி எழுதியது:

கண்டுபிடிச்சாச்சு! 86ல 12 வந்துச்சு, 85ல மக்கர் பண்றப்ப ஒண்ணும் வரல. எங்க ஊர் ஆட்டோ எலெக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட இந்த அளவெல்லாம் எழுதி காட்டினேன், அவர் பேட்டரி மைனஸ கழட்டிட்டு 85ல இருந்து ஈசியு கனெக்டர் பின் வரைக்கும் ஓம்ஸ்ல வச்சாரு, மொதல்ல ஒரு ஓம்முக்கு கீழதான் காட்டுச்சு, சரியா இருக்கேன்னு நெனச்சோம், அவர் மீட்டர எடுக்காம ஒயர் கட்ட கையால மெதுவா ஆட்டிட்டே போனாரு, ஃப்யூஸ் பாக்ஸ் அடியில வந்ததும் ரீடிங் அப்படியே ஓபன் ஆயிடுச்சு, விட்டா திரும்ப வருது. கனெக்டர கழட்டினா அந்த ஒரு பின் மட்டும் பச்சையா பூத்து பாதி அரிச்சுப் போயிருக்கு, பக்கத்து பின் எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. இலை அடைப்பும் இருந்துச்சு, ஒரு கைப்பிடி வேப்பிலை வந்துச்சு.

பின்ன வெட்டிட்டு புதுசு கிரிம்ப் பண்ணி, சீல் போட்டு, தண்ணி ஓட்டைய சுத்தம் பண்ணி குடுத்தாரு. எஸ்டிமேட்ல போட்டிருந்த தொகைல ஒரு ஓரம் கூட ஆகல. அப்புறம் நல்ல மழை பெஞ்சு மறுநாள் காலைலயும் ஒரே திருப்புல எடுத்துச்சு, ஸ்கேன்லயும் கோடு இல்ல. மோட்டார் மாத்தியிருந்தா மழைக்கு மறுநாள் புது மோட்டாரோட நின்னுட்டு இருந்திருப்பேன்.

---

பழைய_அம்பாசிடர் எழுதியது:

வாழ்த்துக்கள் ப்ரோ. தட்டறதுக்கு வேலை இல்லாம போச்சு.

---

ஆசிட்_வாட்டர் எழுதியது:

நல்லது. பேட்டரிய மட்டும் ஒரு தடவை லோடு டெஸ்ட் பண்ணிக்கோங்க தம்பி, சுத்தமா இறங்கின பேட்டரி முன்ன மாதிரி தாங்காது. இப்பவே வாங்கணும்னு சொல்லல, 10.7 நல்ல ரீடிங்தான்.

செல்ஃப் மெதுவா சுத்தற கேஸ்ல வர்றவங்களுக்கும் ஒரு வார்த்தை, அங்க கோடு உதவாது, வோல்டேஜ் டிராப் பாருங்க. செல்ஃப் சுத்தும்போது பேட்டரி ப்ளஸ் போஸ்டுக்கும் மோட்டார் 30 போல்ட்டுக்கும் நடுவுல மீட்டர் வச்சா அரை வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது, பேட்டரி மைனஸுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவுல 0.2, 0.3 வரைக்கும் ஓகே. எர்த் பக்கம் ஒரு வோல்ட் காட்டின வண்டிக்கு ரெண்டு பேட்டரி மாத்தினவங்க இருக்காங்க.

---

டீசல்_மாப்ள எழுதியது:

இதே மாதிரி எனக்கும். டீசல் எஸ்யூவி, செல்ஃப் நல்லா சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆகல, பி0335 வருது. எனக்கும் ஃப்யூஸ் பாக்ஸ் பின்னா இருக்குமா?

---

ஒயரிங்_ஒர்க்ஸ் எழுதியது:

இதே மாதிரி இல்ல மாப்ள, செல்ஃப் சுத்துதுன்னா உங்க செல்ஃப் சர்க்யூட் வேலை செய்யுது. பி0335 கிராங்க் சென்சார் (இஞ்சின் சுத்தற வேகத்த பாக்கறது) சர்க்யூட். செல்ஃப் சுத்திட்டு இருக்கும்போதே லைவ் டேட்டால ஆர்பிஎம் பாருங்க, 200 பக்கம் காட்டினா சென்சார் சிக்னல் வருது, பழைய கோடா கூட இருக்கலாம், ரயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு டீசல் குடுக்கற குழாய்ல இருக்கற அழுத்தம்) ஏறுதான்னு பாக்கணும். ஜீரோலயே நின்னா மொதல்ல சென்சார் கனெக்டர கழட்டி ஆயில் ஏறியிருக்கான்னு பாருங்க, அப்புறம் ஒயர், கடைசில சென்சார். ரெண்டு ரீடிங்கையும் எடுத்துட்டு தனி திரெட் போடுங்க, அங்க வரேன்.